துணைக்குப் போட்ட டெண்டர்

(செஞ்சி வட்டாரக் கட்டட ஒப்பந்ததாரர் நலச் சங்க ஆண்டு விழாவில், 'அரசுப் பணிகளில் தனியார் நிறுவனங்களுக்கான வாய்ப்புகள்' என்ற தலைப்பில், ஷோபனா அசோசியேட்ஸ் உரிமையாளர் திருமதி ஷோபனா ஆற்றிய உரை)

மலையைக் குடைந்து மண்டபம் சமைத்து, பாறையைப் பிளந்து படிகள் அமைத்து, மூன்று மலைகளை ஒரே மதிலால் முடிச்சுப் போட்ட செஞ்சி மண்ணில் திரண்டிருக்கும் சீர்மிகு சபையே!

தலைமை நாற்காலியைத் தாங்கிக்கொண்டிருக்கும், மன்னிக்கவும், தலைமை தாங்கிக்கொண்டிருக்கும் சங்கத் தலைவர் அண்ணன் ராஜாராம் அவர்களே! அவர் அருகில், மற்ற நேரமெல்லாம் நன்றாகக் கேட்டு, கடன் என்று சொன்னால் மட்டும் காது மந்தமாகிவிடும் வங்கி மேலாளர் அவர்களே! சிரிக்காதீர்கள், அவரே சிரிக்கிறார். முன்வரிசையில் முழுக்கைச் சட்டையில் முகம் மலர அமர்ந்திருக்கும் மூத்த ஒப்பந்ததாரப் பெரியோர்களே! மின்விசிறிக் காற்று எட்டாத கடைசி வரிசைகளில் முந்தானையால் விசிறிக்கொண்டிருக்கும் என் அருமைத் தாய்மார்களே! நான்காவது நாற்காலியில் தலையைக் குனிந்து செல்போனில் ஏதோ தேடுவதுபோல் நடித்துக்கொண்டிருக்கும் என் கணவர் குரு அவர்களே! யாவருக்கும் என் பணிவான வணக்கம்.

எனக்குக் கொடுத்த நேரம் பத்து நிமிடம். சமையற்கட்டிலிருந்து வத்தக்குழம்பு வாசனை வந்துவிட்டதால் அதை எட்டாகக் குறைத்துக்கொள்கிறேன்.

அதோ ஜன்னலுக்கு வெளியே பாருங்கள், ராஜகிரிக் கோட்டை! அந்தக் கோட்டைக்கு டெண்டர் விட்டது யார்? குறைந்த விலை போட்டவர் யார்? மழை அடித்தது, வெயில் காய்ந்தது, பீரங்கி முழங்கியது. மதில் நிற்கிறதா இல்லையா? நாம் போன வைகாசியில் போட்ட ரோடு? என்ன ஐயா? "அப்போ ஜிஎஸ்டி கெடையாதுமா" என்கிறீர்களா? சரி, உங்கள் ரோட்டை நான் மன்னித்துவிட்டேன்.

அன்பர்களே! சாலைக்கு நிதி இருக்கிறது. பாலத்துக்கு நிதி இருக்கிறது. குடிநீர்க் குழாய்க்கும், மழைநீர்க் கால்வாய்க்கும், பள்ளிச் சுற்றுச்சுவருக்கும், பேருந்து நிழற்குடைக்கும் நிதி இருக்கிறது. டெல்லியிலிருந்து வருகிறது, சென்னையிலிருந்து வருகிறது. வேலையை எடுத்துச் செய்ய நிறுவனங்கள் இல்லையா? நம் வட்டாரத்தில் மட்டும் நூற்றுப் பதினெட்டு நிறுவனங்கள் பதிவாகியிருப்பதாகத் தலைவர் பெருமிதத்தோடு முழங்கினார். நூற்றுப் பதினெட்டு! அதில் எத்தனை நிறுவனங்களின் உரிமையாளர் இந்த நேரம் அடுப்படியில் இருக்கிறார் என்று சொன்னாரா?

முன்வரிசையில் சிரிப்பு நின்றுவிட்டது பாருங்கள்.

ஆறு வருடத்துக்கு முன்னால் நான் ஒப்பந்ததாரர் ஆன வரலாற்றைச் சொல்கிறேன். காலை நேரம். சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருக்கிறேன். என் கணவர் ஒரு கட்டுத் தாளோடு வந்தார்.

"ஷோபனா, இங்க ஒரு கையெழுத்துப் போடு."

"இன்னாங்க இது? கேஸ் கனெக்சனா?"

"அது மாதிரிதான். போடு, டைமாவுது."

போட்டேன். தாளில் கடுகு தெறித்தது. அந்தக் கடுகு காய்வதற்குள் நான் அரசு அங்கீகாரம் பெற்ற ஐந்தாம் வகுப்பு ஒப்பந்ததாரர் ஆகிவிட்டேன்! நிறுவனத்தின் பெயர் ஷோபனா அசோசியேட்ஸ். அசோசியேட்ஸ் என்றால் கூட்டாளிகள். யார் அந்தக் கூட்டாளிகள்? ஒரு மிக்ஸி, ஒரு குக்கர், ஓர் இட்லிப் பானை!

லெட்டர் பேடு அச்சானது, நான் பார்க்கவில்லை. ரப்பர் ஸ்டாம்பு வந்தது, நான் தொடவில்லை. இணையத்தில் கையெழுத்துப் போடுவதற்கு ஒரு டோக்கன் தருவார்கள், சுண்டுவிரல் நீளம் இருக்கும். அதுவும் என் பெயரில் வந்தது. வந்து, என் கணவரின் சட்டைப் பையில் குடியேறியது.

எதற்கு இத்தனையும்? இந்தச் சபையில் தெரியாதவர் கிடையாது, இருந்தாலும் வங்கி மேலாளருக்காகச் சொல்கிறேன். ஒரு வேலைக்கு ஒரே ஒருவர் விலை போட்டால், போட்டியே இல்லையே என்று கேள்வி வரும். அதனால் பக்கத்தில் இன்னொரு பெயரில், கூடுதல் விலைக்கு, தோற்பதற்கென்றே ஒரு டெண்டர் போட்டு வைப்பார்கள். இதற்கு நம்மூரில் சப்போர்ட் டெண்டர் என்று பெயர். தப்பா? தப்புதான். தெரியாமல் செய்கிறோமா? தெரிந்துதான் செய்கிறோம். இப்படி ஐந்து ஆண்டுகளில் நான் பதினேழு முறை என் கணவரோடு மோதி, பதினேழு முறையும் தோற்றிருக்கிறேன். ஒரு தோல்விகூட என் காதுக்கு வரவில்லை! தோற்ற அன்றும் அவருக்கு நான்தான் தோசை சுட்டுப் போட்டிருக்கிறேன்.

பதினெட்டாவது முறைதான் வினை வந்தது.

தொண்டூர் போகும் வழியில் ஓடைக்குக் குறுக்கே ஒரு சிறுபாலம். இணையத்தில் விலை போடும்போது ஒரு கேள்வி வரும்: மதிப்பீட்டைவிடக் கூடுதலா, குறைவா? என் கணவர் தன் நிறுவனத்துக்கு ஒரு சதவீதம் குறைவு என்று போட்டார். என் நிறுவனத்துக்கு ஆறு சதவீதம் கூடுதல் என்று போட வேண்டும். அந்த நேரம் பார்த்து அவருடைய அக்கா போன் செய்தார். மகன் நிச்சயதார்த்தத்துக்கு பாதாம் பாலா, ஐஸ்கிரீமா என்று கேட்டார். "ரெண்டுத்தையும் வெச்சிடுக்கா, இன்னா இப்போ" என்று தாராளமாகச் சொன்னவர், அதே தாராளத்தோடு என் கணக்கில் 'குறைவு' என்பதை அழுத்திவிட்டார்.

டெண்டர் திறந்தார்கள். முதலிடம் ஷோபனா அசோசியேட்ஸ்!

இதில் இன்னொரு கூத்து. ஜெயித்துவிடுவோம் என்ற நம்பிக்கையில் என் கணவர் முன்கூட்டியே கல்வெட்டுக்கு ஆர்டர் கொடுத்திருந்தார். 'ஒப்பந்ததாரர்: குரு கன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ்' என்று பளபளக்கும் கருப்புக் கிரானைட். அது இப்போது எங்கள் கொல்லையில் துணி துவைக்கும் கல். எழுத்து இருக்கும் பக்கம் சொரசொரப்பாக இருப்பதால் காலர் அழுக்கு அருமையாகப் போகிறது.

அன்று வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஷோபனா, ஒரு சின்ன தப்பு நடந்துபோச்சு. நீ ஒரு பாலம் கட்டணும்."

"இன்னாது?"

"பயப்படாத. வேல வேணாம்னு லெட்டர் குடுத்துடலாம்."

"குடுத்தா இன்னா ஆவும்?"

"கட்டுன டெபாசிட் போவும். உன் கம்பெனிய கறுப்புப் பட்டியல்ல போடுவாங்க. அவ்ளோதான். போறது உன் பேருதானே, என் கம்பெனிக்கு ஒண்ணும் ஆவாது."

தாய்மார்களே, உன் பேருதானே என்றார்! ரேஷன் அட்டையில் என் பெயர். குழுக் கடனில் என் பெயர். எங்கெல்லாம் கையெழுத்து வேண்டுமோ அங்கெல்லாம் என் பெயர் வேண்டும். அந்தப் பெயர் கெட்டுப் போனால் மட்டும் யாருக்கும் நட்டம் இல்லையா? எனக்குக் கோபம் வந்தது. மேடைக் கோபம் இல்லை, நிஜமான கோபம்.

"லெட்டர் குடுக்க மாட்டேன். நானே கட்றேன்."

"உனக்கு இன்னா தெரியும்?"

"கூடுதலுக்கும் குறைவுக்கும் வித்தியாசம் தெரியும். உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

கைதட்டுங்கள், நன்றாகக் கைதட்டுங்கள். அன்று வீட்டில் கைதட்ட ஆளில்லை.

கோபம் மட்டும் காரணமில்லை. தொண்டூர் என் தாய்வீடு. அங்கே என் பக்கத்து வீட்டு மாரியம்மாள் இரண்டு மாடு வைத்திருக்கிறாள். சொசைட்டிக்குப் பால் ஊற்ற அந்த ஓடையைத் தாண்டித்தான் போக வேண்டும். நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு மழையில் ஓடை அவளைக் கேனோடு இழுத்துக்கொண்டு போனது. ஒரு கருவேல மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, முள் கிழிக்க, ஒரு மணி நேரம் கத்தியிருக்கிறாள். நான் விலகியிருந்தால் மறுபடி டெண்டர் விட்டு, திறந்து, வேலை தொடங்குவதற்குள் அடுத்த மழை வந்திருக்கும்.

ஆகவே இறங்கினேன். மேஸ்திரி ஆதிமூலம் நல்ல வேலைக்காரர், ஆனால் நான் எதைச் சொன்னாலும் "சார கேட்டுக்கறேன்" என்று என் கணவருக்கு போன் போடுவார். கோபத்தில் இருந்த என் கணவர் "ஓனர கேளு" என்று போனை வைத்துவிடுவார். இப்படி ஒரு வாரம் ஓடியது. எட்டாம் நாள் அடித்தளத்துக்குக் கம்பி கட்டினார்கள். வரைபடத்தில் பதினைந்து சென்டிமீட்டருக்கு ஒரு கம்பி. நான் என் மகள் நிலாவின் பள்ளிக்கூட ஸ்கேலை எடுத்துக்கொண்டு போய்க் குனிந்து அளந்தேன். இருபது!

"இன்னாம்மா, பாலம் கட்ற எடத்துல ஜாமெட்ரி பாக்ஸ தூக்கினு வந்துட்ட? எல்லாரும் இப்டிதாம்மா கட்றாங்க."

"எல்லாரும் கட்டட்டும் மேஸ்திரி. இது என் பேர்ல இருக்குது."

அவர் ஸ்கேலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போனை எடுத்தார், மறுபடி பையில் போட்டார். பிறகு முழுவதையும் பிரித்துக் கட்டினார். அன்றிலிருந்து அவர் சாரைக் கேட்பதில்லை.

பாலம் முடிந்தது. கார்த்திகை மழை வந்தது. எப்படி வந்தது? வானம் கிழிந்து வந்தது! ஏரி நிரம்பி, வரப்பு உடைந்து, வயல் மூழ்கி வந்தது! நான் செஞ்சியில் உட்கார்ந்துகொண்டு ஒரு வாய் சாப்பிடவில்லை. காலை எட்டு மணிக்கு மாரியம்மாளிடமிருந்து போன் வந்தது.

"ஷோபனா, பால் ஊத்திட்டு வந்துட்டேன்டி."

அவ்வளவுதான் சொன்னாள். நான் அழுதுவிட்டேன்.

என் கணவர் என்னிடம் சொல்லாமல் குடையை எடுத்துக்கொண்டு போய்ப் பாலத்தைப் பார்த்திருக்கிறார். நனைந்து திரும்பி வந்து, துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே, "தண்ணி நல்லா போவுது" என்றார். இருபது வருட வாழ்க்கையில் அவர் எனக்குக் கொடுத்த மிகப் பெரிய பாராட்டு அது. குரு அவர்களே, நிமிர்ந்து உட்காருங்கள், உங்களைப் பற்றி நல்லதும் சொல்கிறேன்.

லாபம் வந்ததா என்று அங்கே ஓர் அண்ணன் கேட்கிறார். வந்தது. எவ்வளவு என்று கடன் கொடுக்காத மேலாளர் முன்னால் சொல்ல மாட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வல்லம் பக்கம் இரண்டு கிலோமீட்டர் மழைநீர்க் கால்வாய். இன்று மூன்று மணிக்கு டெண்டர் மூடுகிறது. நானும் விலை போட்டிருக்கிறேன், என் கணவரும் போட்டிருக்கிறார். யார் எவ்வளவு என்று ஒருவருக்கொருவர் தெரியாது. ஒரு வாரமாக எங்கள் வீட்டில் ரசம் வேண்டுமா, மோர் வேண்டுமா என்பதைத் தவிரப் பேச்சே இல்லை! ஆனால் இந்த அரங்கத்திலிருந்து வேறு பல டெண்டர்களும் நேற்றே போயிருக்கின்றன என்று கேள்வி. அவற்றில் பாதி தோற்பதற்கென்றே பிறந்தவை. அவற்றின் உரிமையாளர்கள் யார்? எங்கே இருக்கிறார்கள்?

கடைசி வரிசைத் தாய்மார்களே! உங்கள் பெயரில் நிறுவனம் இருக்கிறது, ஆனால் அதன் லெட்டர் பேடை நீங்கள் கண்ணால் கண்டதில்லை. அப்படிப்பட்டவர்கள் கையைத் தூக்குங்கள்.

ஒருவரும் இல்லையா? தலைவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார். இருங்கள் அண்ணே. ஒருவரும் இல்லையா?

அதோ! ஒரு கை! எழுந்து நில்லுங்கள் அம்மா. அடடா, கலைச்செல்வி அண்ணி! தலைவரின் துணைவியார்! சத்தமாகச் சொல்லுங்கள் அண்ணி, மைக் வேண்டாம், உங்கள் குரல் போதும்.

"என் பேர்லயும் ஒண்ணு இருக்குதும்மா. கலைச்செல்வி பில்டர்ஸ். போர்டுதான் பாத்திருக்கேன்!"

உங்கள் டோக்கன் எங்கே?

"அவரு பாக்கெட்ல!"

கேட்டுக்கொண்டீர்களா சபையோரே? அதோ இன்னொரு கை. அந்த ஓரத்தில் ஒன்று. தூணுக்குப் பக்கத்தில் இரண்டு. ஐந்து, ஆறு, ஒன்பது! ஒன்பது முதலாளிகள்! இத்தனை முதலாளிகளுக்கு ஒரு மின்விசிறி போட உங்களுக்கு மனம் வரவில்லையே!

அண்ணன் ராஜாராம் அவர்களே, பையில் கையை விடுங்கள். தயங்காதீர்கள், சபை பார்க்கிறது. வந்துவிட்டது டோக்கன்! அதென்ன, கூடவே இன்னொன்று வருகிறது? அது யாருடையது? மருமகளுடையதா! ஒரு சட்டைப் பையில் ஒரு தொழிற்பேட்டையே இருக்கிறதே அண்ணே!

தாய்மார்களே! போட்ட விலையை மூன்று மணி வரை திருத்தலாம் என்பது விதி. எனக்கு விலை தெரியாதே என்று சொல்லாதீர்கள். வாசலில் ஜல்லி இறங்கும்போது லோடைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது யார்? மேஸ்திரி முன்பணம் கேட்டு வந்தால் பதில் சொல்லி அனுப்புவது யார்? என் விலையை உங்களிடம் சொல்ல மாட்டேன், உங்கள் விலையைக் கேட்கவும் மாட்டேன். ஜெயிப்பதற்காகக் கண்மூடிக்கொண்டு குறைக்காதீர்கள். எந்த விலைக்கு ஒழுங்காகக் கட்ட முடியுமோ அந்த விலையைப் போடுங்கள். போட்டி என்றால் நிஜமாகவே போட்டியாக இருக்கட்டும். ஊருக்கு நல்ல கால்வாய் கிடைக்கட்டும். தோற்றாலும் நம் பெயரில், நமக்குத் தெரிந்து தோற்போம்!

இப்போது மணி பன்னிரண்டே கால். எதிர்ச் சாரியில் கணினி மையம் திறந்திருக்கிறது. ஒன்பது பேரும் டோக்கனை வாங்கிக்கொண்டு என்னோடு வாருங்கள்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், டோக்கனைக் கொடுத்த தலைவருக்கும், இன்னமும் செல்போனிலேயே முகம் புதைத்திருக்கும் என் போட்டியாளர் குரு அவர்களுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. ஆண்கள் எல்லோரும் முதல் பந்தியில் உட்காருங்கள். இலை, சாதம், குழம்பு எல்லாம் உள்ளே தயாராக இருக்கிறது. பரிமாறத்தான் ஆளில்லை, நாங்கள் டெண்டர் போடப் போகிறோம். வணக்கம்!