உறை போட்ட அறை

அடுப்பின் அனலில் அரை ஆயுளைக் கழித்து, ஊரின் காலைப் பசியை ஆற்றி, இன்று இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ரொட்டிக்கடை அண்ணன் அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் தொழில் சங்கப் பெரியவர்களே, மடியில் பிள்ளையையும் முகத்தில் பொறுமையையும் தாங்கி அமர்ந்திருக்கும் தாய்மார்களே, வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்திருக்கும் தோழர்களே, உங்கள் உழைப்பின் வாசம் இந்த மண்டபம் முழுவதும் வீசுகிறது. அந்த வாசத்தை வணங்கித் தொடங்குகிறேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, 'சிக்கனமும் சீரான வாழ்வும்'. நான் பேச்சாளன் அல்லன். சோபாவுக்கும் நாற்காலிக்கும் உறை தைக்கிறவன். பொத்திப் பொத்தி வைப்பதைப் பற்றிப் பேச என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள் என்று தலைவர் நினைத்திருக்கலாம். சிரிக்கிறீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். போகப் போக அது குறைந்துவிடும்.

பொய் பேசாத நாக்கு, பிறர் பொருளைத் தொடாத கை, ஓய்வறியாத உடம்பு, ஒரு துளியும் வீணாக்காத மனம். இவை இருந்தால் வாழ்வு சிறக்கும் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். என் அக்காள் வீட்டில் இவை அத்தனையும் இருந்தன. அத்தான் இஸ்திரிக் கடை வைத்திருந்தார். கரி போட்டுச் சூடாக்கும் பெட்டி. அவர் தேய்ப்பார், அக்காள் அறுந்த பொத்தானைத் தைப்பாள். கரைந்து மிஞ்சிய சோப்புத் துண்டுகளை ஒட்டிப் புதுச் சோப்பாக்குவார்கள். இருட்டிலேயே நடந்து பழகி விளக்கை மிச்சம் பிடித்தார்கள். பேச்சிலும் சிக்கனம் பார்த்தார்கள்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக எது வந்தாலும் அது முன்னறைக்குப் போகும். தெருவைப் பார்த்த பெரிய ஜன்னலும் வெயிலும் காற்றும் உள்ள அறை. புதுத் தட்டு, புது விரிப்பு, புதுச் சட்டை, கோப்பை எல்லாம் அங்கே. அவர்களோ பின்னறையில், கீறல் விழுந்த தட்டோடும் கிழிந்த பாயோடும். முன்னறைச் சாமான்கள் எல்லாவற்றுக்கும் உறை தைத்துக் கொடுத்தவன் நான்தான்.

"இதெல்லாம் எப்ப எடுக்கப் போறீங்க அத்தான்?" என்று கேட்பேன்.

"நல்ல நாள் வரும்டா மச்சான். அன்னைக்கு நம்ம வீட்டுல எல்லாம் புதுசா இருக்கணும்ல?" என்பார்.

வந்ததா அந்த நாள்? வந்தது. ஆனால் அவர்களிடம் வரவில்லை.

ஒரு நாள் முன்னறைச் சோபாவுக்கு மாற்று உறை அளவெடுக்கப் போனேன். அக்காள் பூட்டைத் திறந்துவிட்டாள். சோபாவின் மேல் கை வைத்தேன். என் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு, எங்கே ஆள் உட்கார்ந்து மெத்தை அமுங்கியிருக்கிறது என்று கையால்தான் பார்ப்போம். இரண்டு பேர் உட்கார்ந்த பள்ளம் இருந்தது. பள்ளம் சூடாக இருந்தது. மேசை மேல் இரண்டு கோப்பைகள். அடியில் ஈரம்.

அத்தான் தனக்குத் தெரியாமல் யாரையோ கூட்டி வந்து போகிறார் என்று அக்காள் நினைத்தாள். அத்தானோ அவளைச் சந்தேகப்பட்டார். பேச்சில் சிக்கனம் பார்த்த வீட்டில் அன்றுதான் வாய் ஓயாமல் சண்டை. கடைசியில் அத்தான் புதுப் பூட்டு வாங்கிப் போட்டு, சாவியை இடுப்பில் முடிந்துகொண்டார்.

மறுநாள் எதிர் வீட்டுச் செருப்புக்கடைக்காரர் என்னை நிறுத்தினார். "உங்க அக்காவும் அத்தானும் நேத்து சாயங்காலம் ஜன்னலோரமா உக்காந்து சிரிச்சுப் பேசிட்டு இருந்தாங்க. பாக்கவே நல்லா இருந்துச்சுங்க. இப்பதான் வாழ ஆரம்பிச்சிருக்காங்க" என்றார்.

நேற்றுச் சாயங்காலம் இருவரும் கடையில் இருந்தார்கள். நானும் அவர்களோடுதான் இருந்தேன்.

கேளுங்கள் தாய்மார்களே, அதைவிட என்னை உலுக்கியது அதே நாள் கடையில் பார்த்த ஒன்று. வாடிக்கைக்காரர் ஒருவர் துணி மூட்டையோடு வந்தார். அத்தான் அவருக்கு நேர் எதிரே, பெட்டியைக் கையில் பிடித்தபடி நிற்கிறார். வந்தவர் இங்கும் அங்கும் பார்த்து, "கடையில யாரும் இல்லையா?" என்று கேட்டார். "நான்தாங்க இருக்கேன்" என்று அத்தான் சொன்னார். அந்த மனிதர் என்னைப் பார்த்து, "எப்ப வருவாரு?" என்றார். எனக்குப் பயமாக இருந்தது. அத்தானுக்கு அதைவிட. அவர் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் நண்பகல். வெயில் கொளுத்துகிறது. மூன்று பேரும் முன்னறைக் கதவுக்கு வெளியே நிற்கிறோம். உள்ளே அக்காளின் குரல் எதையோ பாடுகிறது. அக்காள் என் பக்கத்தில் வாயை மூடி நிற்கிறாள். உள்ளே அத்தான் சிரிக்கிறார். எத்தனையோ வருடமாக நான் கேட்காத சிரிப்பு. அத்தான் என் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

அக்காள் தன் வீட்டுக் கதவைத் தானே தட்டினாள்.

"யாரு?" என்றது அவளுடைய குரல்.

"நான்தான். உள்ள வரலாமா?"

"பின்னறைக்காரங்களா? நாங்க சாப்பிட்டுட்டு இருக்கோம். இன்னொரு நாள் வாங்களேன்."

அக்காள் கையை நீட்டினாள். "சாவியக் குடுங்க."

"இரு, அவங்க சாப்பிட்டு முடிக்கட்டும். நடுவுல போய் நின்னா நல்லாவா இருக்கும்?" என்றார் அத்தான். பாருங்கள் அந்த மனிதரின் பண்பை. தன் வாழ்வை வேறு யாரோ வாழ்ந்துகொண்டிருக்கும்போதும், அவர்களுக்குத் தொந்தரவு தரக்கூடாது என்று நினைத்தார்.

அக்காள் அவர் இடுப்பிலிருந்து சாவியைப் பிடுங்கித் திறந்து, அதை என் கையில் கொடுத்தாள். உள்ளே யாரும் இல்லை. உறைகள் எல்லாம் கழற்றி மடித்து வைக்கப்பட்டிருந்தன. இரண்டு தட்டில் ஆவி பறக்கும் சாப்பாடு. அக்காள் போய் உட்கார்ந்தாள்.

"வாங்க. ஆறிடப் போகுது."

அத்தான் குனிந்து தன் காலைப் பார்த்தார். "காலெல்லாம் கரி. புது விரிப்பு பாழாயிடும். கழுவிட்டு வந்துடறேன்."

"பாழாகட்டும். இப்பவே வாங்க."

"ஒரு நிமிஷம்மா."

அவர் போனார். வாசலில் நின்ற என் முகத்துக்கு நேரே கதவு சாத்திக்கொண்டது. பின்கட்டில் அத்தான் கால் கழுவும் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது. அதே நேரத்தில் கதவுக்கு உள்ளே அத்தானின் சிரிப்பும் கேட்கிறது. ஈரக் காலோடு அவர் திரும்பி வந்தபோது என் கையிலிருந்த அந்தச் சாவி அந்தப் பூட்டுக்குப் பொருந்தவில்லை.

அக்காள் இன்று நன்றாக இருக்கிறாள். போனால் உள்ளே அழைத்துப் புதுக் கோப்பையில் தேநீர் தருகிறாள். பக்கத்தில் அத்தானின் முகத்தோடு ஒருவர் உட்கார்ந்து சிரித்துப் பேசுகிறார். அவர் கையில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு ஒன்றுகூட இல்லை. போன வாரம் அக்காள் கேட்டாள்: "தம்பி, பின்னாடி யாரோ துணி தேய்க்கிற சத்தம் கேக்குது. யாருடா அது? பாவம், சாப்பிட்டாரான்னு கேளேன்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

உழைக்காதே என்றா சொல்கிறேன்? ஊதாரியாக இரு என்றா சொல்கிறேன்? இல்லை. உழையுங்கள். உண்மையாய் இருங்கள். மிச்சம் பிடியுங்கள். ஆனால் எதை மிச்சம் பிடிக்கிறோம் என்று ஒருமுறை பாருங்கள். சோப்பைச் சேமிக்கலாம். சிரிப்பைச் சேமிக்க முடியுமா? விளக்கைச் சேமிக்கலாம். வெயிலைப் பூட்டி வைக்க முடியுமா? எல்லோருக்கும் நல்லது செய்து, பக்கத்தில் படுத்திருக்கும் ஒருத்திக்கு ஒரு நல்ல சொல் சொல்லாமல் வைத்திருப்பது எந்த அறத்தில் சேரும்? நீங்கள் வாழாமல் வைத்த வாழ்வு காத்திருக்காது, தோழர்களே. அது உங்கள் முகத்தைப் போட்டுக்கொண்டு உங்கள் வீட்டிலேயே குடியேறிவிடும்.

நேரம் கொடுத்த தலைவருக்கும், அசையாமல் கேட்ட உங்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. முடிக்கும் முன் ஒரு வேண்டுகோள். கடைசி வரிசையில் தூணை ஒட்டிய நாற்காலியில் கைப்பையை வைத்திருக்கும் அம்மா, தயவுசெய்து அதை எடுத்துக்கொள்ளுங்கள். அது காலி நாற்காலி இல்லை. என் அத்தான் உட்கார்ந்திருக்கிறார். நான்தான் கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன். எனக்கே அவர் இப்போது கலங்கலாகத்தான் தெரிகிறார். நான் ஒருவன் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது என்றுதான் இந்த மேடையில் ஏற ஒப்புக்கொண்டேன். எல்லோரும் திரும்புங்கள். எனக்குச் சொல்ல வைத்திருக்கும் வணக்கத்தை அவருக்குச் சொல்லுங்கள்.

அத்தான், இவர்கள் உங்களைத்தான் பார்க்கிறார்கள். வணக்கம்.