சட்டைப் பையில் வந்த இரங்கல்

எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கம் போட நான் யாரையும் விடுவதில்லை. அட்மின் என்றால் ஒரு ஒழுங்கு வேண்டும். வாய்க்கால் தண்ணீர், கோயில் வரி, சாவுச் செய்தி. இவ்வளவுதான். திருப்பூரிலும் துபாயிலும் இருக்கிற பிள்ளைகள் ஊர்ச் சாவை என் பதிவைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள். நல்ல படமாகத் தேடி, யாருக்கு மாமனார், யாருக்குத் தம்பி என்று விசாரித்து, யாரும் குறை சொல்லாதபடி எழுதுவேன்.

ஒரே ஒரு தடவை தப்பாகிவிட்டது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடந்த தியாகராசன் போய்விட்டார் என்று யாரோ சொன்னதை நம்பிப் போட்டுவிட்டேன். அடுத்த வாரம் நான் டீக்கடைக்குப் போனால் அவர் அங்கே உட்கார்ந்திருந்தார்.

"என்னப்பா, என் சாவுக்கு எத்தன பேரு கும்பிடு போட்டானுங்க?"

"எமன் வர்றாரு, தள்ளி ஒக்காருங்கடா. போட்டோ எடுத்துறப் போறாரு" என்று என்னைக் காட்டிச் சொன்னான் பிரபு.

கடையே சிரித்தது. சிரிக்காதவர் என் எதிர்வீட்டு இராஜாங்கம் மட்டும்தான். "விடுங்கப்பா. அண்ணன் வேணும்னேவா செஞ்சாரு?" என்றார். அதற்குப் பிறகு கண்ணால் பார்க்காமல் நான் எதையும் போட்டதில்லை.

போன வருடம் குறுவை நடவு சமயம். வயலுக்குப் போனபோது இராஜாங்கம் மோட்டார் கொட்டகை வாசலில் மல்லாந்து கிடந்தார். கரண்ட் அடித்திருந்தது. மெயினை அணைத்தேன். மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன். நெஞ்சில் காது வைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கண்ணால் பார்த்தாயிற்று. அங்கேயே நின்று எழுதிப் போட்டேன். மகள் கல்யாணத்தில் அவர் சிரித்துக்கொண்டு நிற்கிற படம்.

பக்கத்துப் பூவரசுக் கிளையில் அவர் சட்டை தொங்கியது. பையில் இருந்த போன் 'டிங்' என்றது. என் பதிவு அவருக்கும் போயிருக்கிறது. பிறகு வரிசையாக இரங்கல்கள்.

அந்தச் சத்தத்துக்குத்தான் அவர் கண் திறந்தது.

முதலில் சட்டையைப் பார்த்தார். பிறகு என்னை. "அண்ணே... தண்ணி..."

கரண்ட் அடித்தவருக்கு உடனே தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று நானே குழுவில் போட்டிருக்கிறேன். அதனால் கொடுக்கவில்லை. 108-ஐக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் பதிவை அழிக்க வேண்டும். அழித்தாலும் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று அங்கேயே நிற்கும். பிரபு பார்ப்பான்.

"எங்கண்ணே கெடக்குறாரு?" என்று குழுவில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பதில் போடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கடைசிவரை அவரைத் தனியாக விடவில்லை. பிறகுதான் இடத்தைச் சொன்னேன்.

அவர் மனைவி அம்சம் என் பதிவைப் பிரேம் போட்டு மாட்டியிருக்கிறார். இராஜாங்கத்தின் போனுக்கு இன்னும் சார்ஜ் போட்டு வைக்கிறார்.

"குரூப்லேந்து அவரு நம்பர எடுத்துராதீங்கண்ணே. சத்தம் கேட்டா வீட்ல இருக்குற மாதிரி இருக்கு."

எடுக்கவில்லை. யாருடைய சாவைப் போட்டாலும் எதிர்வீட்டில் 'டிங்' என்கிறது. ஒவ்வொரு தடவையும் ஒரு கண் திறக்கிறது. நான் கதவைச் சாத்திக்கொள்கிறேன். சாத்தினாலும் கேட்கிறது.

கையைப் பிடித்துக்கொண்டேன் என்று சொன்னது உண்மை. அது ஒரு கை. இன்னொரு கை அவர் வாயையும் மூக்கையும் மூடியிருந்தது. அவர் கால் உதைப்பது நின்ற பிறகும் எடுக்கவில்லை. அப்புறம் முன்போலவே விரல் வைத்து, இந்தத் தடவை நிதானமாகச் சரிபார்த்தேன்.

பதிவில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.