தங்கைக்குச் சொல்லித்தராத வரி

முதல் நாளிலேயே கணினிக் கட்டளைகள் யாருக்கும் மனதில் நிற்காது. அதனால்தான் என் வகுப்புக்கு வருகிறவர்களிடம், "எதையும் மனப்பாடம் பண்ணாதீங்க. ஒரு தாள்ல எழுதிக் கண்ணெதிர்ல ஒட்டி வச்சுக்கோங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். பதினோரு வருடமாக இந்தக் கணினி மையத்தின் உதவி மேசையில் இருக்கிறேன். நானூறு பேருக்கு மேல் கற்றுக்கொடுத்திருக்கிறேன். விசாரணைக் குழுவில் இருக்கும் உங்களில் இரண்டு பேர் என்னிடம் படித்தவர்கள்தான்.

மூன்றாமவர் வழக்கறிஞர் என்பதால் அவருக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். குளிரூட்டிய ஒரு கூடத்தில் அறுநூறு கணினிகளை ஒன்றாக இணைத்து வைத்திருக்கிறோம். என்ன கணக்கு, எத்தனை மணி நேரம் வேண்டும் என்று ஒரு கோப்பில் எழுதி வரிசையில் போட வேண்டும். முறை வந்ததும் இயந்திரம் எடுத்துக்கொள்ளும். அதிகபட்சம் எழுபத்திரண்டு மணி நேரம். அதற்குள் முடியாத கணக்கைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். கோப்பில் ஒரே ஒரு வரி சேர்த்தால், கணக்கு தன் நிலையை அவ்வப்போது சேமித்துக்கொள்ளும். அடுத்த முறை விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இதை வகுப்பின் இரண்டாம் மணி நேரத்தில் எல்லோருக்கும் சொல்லித் தருவேன்.

என் தங்கை முதல் மணி நேரத்தோடு எழுந்து போனாள். நான்தான் அனுப்பினேன்.

வீட்டில் அவளைச் சிட்டு என்போம். என்னைவிட ஒன்பது வயது இளையவள். நான் ஏழு வருடம் படித்துவிட்டுப் பாதியில் விட்ட அதே துறையில் அவள் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள். அவளுக்குக் கொடுத்தது என்னுடைய பழைய மேசை. அன்று வகுப்பில், வரிசையில் நிற்கும் கணக்குகளைப் பார்க்கும் முறையைப் பலகையில் எட்டுப் படிகளாக எழுதிக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, இதுக்கு இவ்வளவு சுத்தணுமா? ஒரே வரில முடிச்சிடலாமே" என்றாள் கடைசி பெஞ்சிலிருந்து. வந்து தட்டியும் காட்டினாள். சரியாக வந்தது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

"உனக்கு எதுக்கு இந்த வகுப்பு? வீட்டுலயே நான் சொல்லித் தர்றேன்" என்றேன். போனில் அம்மாவும், "அண்ணன் பக்கத்துல இருக்கான், உனக்கென்னடி கவலை" என்றாள்.

செயற்கை இதய வால்வு வழியாக ரத்தம் எப்படி ஓடுகிறது என்பது அவளுடைய கணக்கு. முடிய எழுபத்தைந்து மணி நேரமாவது ஆகும் என்று முதல் வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்குத் தெரியாது. ஒன்பது நாள் வரிசையில் காத்திருப்பாள். மூன்று நாள் ஓடும். பிறகு வந்து நிற்பாள்.

"அண்ணா, மறுபடியும் செத்துப்போச்சு."

"எங்கயோ தப்புப் பண்ணியிருப்பே. நிதானமாப் பாரு."

அவளும் நிதானமாகத்தான் பார்த்தாள். தப்பே இல்லாத கோப்பில் தப்பைத் தேடி முழுவதையும் அடித்து எழுதினாள். இப்படிப் பதினோரு தடவை. ஆறாவது தடவை கையேட்டிலிருந்து ஒரு பக்கத்தைக் கொண்டுவந்தாள். "நடுவுல சேமிக்கறதுக்கு ஏதோ வரி போட்டிருக்கே, அண்ணா?"

"அது பழைய இயந்திரத்துக்கு. இதுல போட்டா எல்லாரோட கணக்கும் நின்னுடும். யார்கிட்டயும் கேட்டு வைக்காதே, உன்னைச் சேத்துக்கவே பயப்படுவாங்க" என்றேன். மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனாள். எட்டாவது தடவை விசையை அவளே அழுத்தவில்லை. என்னைக் கூப்பிட்டு அழுத்தச் சொன்னாள். அந்த நாட்களில் நாங்கள் மிகவும் நெருக்கமாக இருந்தோம்.

பன்னிரண்டாவது தடவை பக்கத்து மேசைப் பெண் பார்த்துவிட்டு அந்த வரியைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறாள். அடுத்த முறை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து கணக்கு முடிந்தது. சிட்டு ஓடி வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "அண்ணா, உனக்குத் தெரியாததுகூட இருக்குடா!" என்றாள். என்மேல் அவளுக்குத் துளிச் சந்தேகமும் இல்லை.

முடிவுகள் தற்காலிகச் சேமிப்பில் இருந்தன. பதினான்கு நாள் யாரும் தொடாத கோப்புகளை இயந்திரம் தானாகவே அழித்துவிடும். அதற்கு முன் எச்சரிக்கை மின்னஞ்சல் போகும். அது யார் யாருக்குப் போக வேண்டும் என்ற பட்டியல் என் பொறுப்பு. அதிலிருந்து அவள் பெயரை நீக்கினேன். நீங்கள் பதிவேட்டில் கண்டுபிடித்தது அதைத்தான்.

அந்தச் சமயம் பார்த்து அவளுக்குக் காய்ச்சல். அதற்கு நான் காரணமில்லை. விடுப்புப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருந்தேன். நெற்றியில் ஈரத்துணி போட்டேன். "எழுந்து போய் ஒருதடவை பாத்துட்டு வந்துடட்டுமா?" என்று இரண்டு முறை கேட்டாள். "கணக்கு எங்க ஓடிடப்போகுது? தூங்கு" என்றேன். பதினைந்தாம் நாள், கோப்புகள் அழிந்த பிறகு, அவளை நானே வண்டியில் மையத்துக்குக் கொண்டுபோய் விட்டேன். அந்த மாதக் கடைசியோடு, முடிவுகளைக் காட்ட அவளுக்குக் கொடுத்திருந்த காலநீட்டிப்பும் முடிந்தது. பேராசிரியர் கையை விரித்துவிட்டார்.

இப்போது வீட்டில்தான் இருக்கிறாள். கடைக்குப் போனால் எந்த சோப்பு வாங்குவது என்று எனக்குப் போன் செய்கிறாள். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, சரியாக எரிகிறதா என்று வந்து பார்க்கச் சொல்கிறாள். நான் ஒருமுறைகூடச் சலித்துக்கொண்டதில்லை.

உங்கள் கோப்பில் அவள் கடிதம் ஒன்று இருக்கும். 'எல்லாம் என் கவனக்குறைவால் நடந்தது, அண்ணன்மேல் எந்தத் தவறும் இல்லை' என்று. அதை நம்ப வேண்டாம். பதிவேட்டை நீங்கள் அவளுக்குக் காட்டியது எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்தவள், "நீயா பண்ணே?" என்று கேட்கவில்லை. தாளும் பேனாவுமாக என் முன்னால் உட்கார்ந்து, "இதுக்கு நான் என்ன எழுதணும்ணா?" என்றாள். வரி வரியாகச் சொன்னேன். ஒவ்வொரு வரிக்கும் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுதினாள். ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை. பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தால் அவளுக்கு எல்லாம் வருகிறது.