ஜீப் ஓடாத நாளுக்கும் மாத்திரை அனுப்பிய மருத்துவர் நசீமா அவர்களுக்கு

கேட்ட கேள்வியையே மீண்டும் மீண்டும் கேட்டு எங்கள் காதுகளைக் களைப்படையச் செய்த கனிவின் உருவே! கைப்பையை மறந்தாலும் ரத்த அழுத்தக் கருவியை மறவாத கடமைச் செல்வியே! கம்பம் பள்ளத்தாக்கின் பெண்களுக்கெல்லாம் காவலாகவும், எங்களுக்கு மட்டும் கடுந்தண்டனையாகவும் வாய்த்த பெருந்தகையே! இன்று பணி நிறைவு பெறும் மருத்துவ அலுவலர் நசீமா அவர்களே, வணக்கம்.

இத்தகைய மடல்களில் ‘பொறுமையின் சிகரம்’ என்று எழுதுவது மரபு. பள்ளியில் கட்டுரைப் போட்டியில் வென்றவன் என்ற ஒரே காரணத்துக்காக இம்மடலை எழுதும் பொறுப்பு மருந்தாளுநர் வினோத்ராஜாகிய என் தலையில் விழுந்தது. நானும் அப்படி எழுதிப் பார்த்தேன், பேனா ஓடவில்லை. பொறுமை எங்களிடம் இருந்தது. அதைச் செலவழித்தவர் தாங்கள். ஆகவே உள்ளதை உள்ளபடி எழுதத் துணிந்தோம்.

கருத்தடை மாத்திரை கேட்டு வரும் பெண்ணுக்கு அட்டையை எடுத்து நீட்ட எனக்கு அரை நிமிடம் போதும். தங்களுக்கோ அரை நாளும் போதாது. தலைவலி வருமா, வந்தால் கண்ணுக்குள் மின்னுமா, கால் வீங்கியதுண்டா, மஞ்சள் காமாலை கண்டதுண்டா, கைப்பிள்ளை இன்னும் பால் குடிக்கிறதா, பீடி சிகரெட் பழக்கம் உண்டா, காசநோய்க்கோ வலிப்புக்கோ வேறு மாத்திரை விழுங்குகிறாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, ரத்த அழுத்தமும் பார்த்து, அதன் பிறகே என் பக்கம் தலையசைப்பீர்கள். அதற்குள் வரிசை வாசலைத் தாண்டிச் சாலைக்குப் போயிருக்கும். வரிசையில் நிற்பவர்கள் திட்டுவது தங்களை அல்ல, என்னைத்தான்.

சித்திரை பிறந்தால் வீரபாண்டித் திருவிழாவுக்காகத் தீட்டைத் தள்ளிப்போடப் பெண்கள் வருவார்கள். உம்ராவுக்காக மக்கா புறப்படும் குடும்பங்களும் அதே காரணத்துக்காக வரும். தாங்கள் தங்கள் கேள்வி மூட்டையை அவிழ்ப்பீர்கள். கம்பத்து வியாபாரி உமர் பாருக் தம் மனைவி ரம்லத்துக்காக மாத்திரை வாங்க வந்து நின்றபோது, “பாய், விழுங்கப் போறது நீங்களா? அப்ப உங்க கையை நீட்டுங்க, பிரஷர் பாக்குறேன்” என்றீர்கள். அவர் கோபித்துக்கொண்டு போனார். மறுநாள் ரம்லத் வந்தார், அழுத்தம் எகிறியிருந்தது, அவருக்கு அந்த மாத்திரை ஆகாது என்று வேறு வழி சொல்லி அனுப்பினீர்கள். அதைப் பாராட்டுகிறோம். ஆனால் அந்த வியாபாரி இன்றும் கடைத்தெருவில் கண்டால் என்னிடம்தான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

மறந்துவிட்டால் நினைவு வந்ததும் ஒன்று போடு, அன்றைய கணக்குக்கு இரண்டானாலும் சரி. இரண்டு மூன்று நாள் விட்டுப்போனால் உடனே தொடங்கு, ஆனால் ஒரு வாரம் ஆணுறை இல்லாமல் ஆகாது. நெஞ்சு வலித்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, பார்வை மங்கினாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு ஓடி வா. இந்தப் பாடத்தை எங்கள் காவலாளி நாகராஜ் தூக்கத்திலும் ஒப்பிப்பதாக அவர் மனைவி எங்களிடம் முறையிட்டிருக்கிறார்.

இவ்வளவும் கேட்டும் சுருளிப்பட்டிப் பெண்கள் சிலர் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே கருவுற்று வந்தார்கள். மாத்திரை சரியில்லை என்றோம் நாங்கள். தாங்கள் நம்பவில்லை. கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப்பைப் பிடிக்க விடிவதற்குள் எங்களையும் எழுப்பி இழுத்துச் சென்றீர்கள். அங்கே தெரிந்தது விஷயம். வீட்டில் அட்டையை வைத்தால் மாமியார் கண்ணில் படும் என்று எல்லாப் பெண்களும் அதை ஜீப்புக்கு ஆள் சேர்க்கும் மொக்கம்மாளிடம் கொடுத்து வைத்திருந்தார்கள். அவர் தம் சோற்றுப் பையில் வைத்திருந்து, ஜீப் மலையேறியதும் ஆளுக்கொன்று கொடுப்பார். முறை நல்ல முறைதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஜீப் இல்லை. மலைப்பாதையில் மண் சரிந்தால் ஜீப் இல்லை. கேரளத்தில் கடையடைப்பு என்றால் ஜீப் இல்லை.

“ஜீப்பு இல்லாத அன்னிக்கு என்னத்துக்கு மாத்திரை? வேலைக்குப் போற அன்னிக்குத்தான் திங்கணும்னுல்ல இதுக நெனச்சுக்கிட்டு இருக்குதுக” என்றார் மொக்கம்மாள். தாங்கள் தலையில் கைவைத்து ஜீப்பின் படியிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். தாங்கள் சலித்துக்கொண்டதை நாங்கள் பார்த்தது அந்த ஒரு நாள்தான். எங்களுக்கு உள்ளூரக் கொஞ்சம் மகிழ்ச்சியாகவும் இருந்தது.

மற்றவர்களுக்கு வழி கிடைத்தது. சிலர் கணவரிடம் சொல்லி அட்டையை வீட்டுக்கே கொண்டுபோனார்கள். சிலர் காப்பர்-டி வைத்துக்கொண்டார்கள். மிஞ்சியவர் மகாலட்சுமி. இரண்டு பெண் குழந்தைகள், இரண்டும் அறுவைச் சிகிச்சை. அடுத்த பிள்ளை உடனே தங்கினால் தையல் தாங்காது, உயிர் போகும் என்று தாங்களே அவரிடம் சொல்லியிருந்தீர்கள். காப்பர்-டிக்குப் பயந்தார், கருத்தடை ஊசியும் வேண்டாமென்றார். பேரனுக்குக் காத்திருக்கும் மாமியார் முத்துமாரியம்மாளிடம் மாத்திரை பற்றி மூச்சுவிடவும் அவருக்குத் தைரியமில்லை. எப்படியாவது ஊசிக்குச் சம்மதிக்க வையுங்கள் என்று கெஞ்சினோம். “அவ கேக்குறதை ஒழுங்காக் குடுக்கிறதுதான் நம்ம வேலை. நமக்குச் சௌகரியமானதை அவ தலையில கட்டக் கூடாது” என்று முடித்துவிட்டீர்கள்.

அதன்பின் நடந்தது மருத்துவமா கடத்தலா என்று எங்களுக்கு இன்றும் விளங்கவில்லை. ஜீப் ஓடாத ஒவ்வொரு நாளும் கிராம சுகாதாரச் செவிலியர் சினேகா, மகாலட்சுமியின் சின்னக் குழந்தைக்கு எடை பார்க்கும் சாக்கில் தராசைத் தூக்கிக்கொண்டு சுருளிப்பட்டிக்குப் போக வேண்டும். தாளில் மடித்த ஒற்றை மாத்திரையை யாரும் பார்க்காமல் மகாலட்சுமி கையில் திணிக்க வேண்டும். மழையென்றும் பாராமல், விடுமுறையென்றும் விடாமல், ஓராண்டுக்கும் மேலாக இதைச் செய்ய வைத்தீர்கள். அந்தப் பள்ளத்தாக்கில் அத்தனை முறை எடை பார்க்கப்பட்ட குழந்தை வேறெதுவும் இல்லை.

இனி எழுதப்போவது தங்களுக்குத் தெரியாதது. சென்ற மாதம் தாங்கள் ஓய்வூதியத் தாள்களுக்காகத் தேனிக்குச் சென்றிருந்த நாளில் மலைப்பாதை மூடிக்கொண்டது. சினேகா வழக்கம்போலத் தராசுடன் போனார். முத்துமாரியம்மாள் வாசலை மறித்து நின்றார்.

“தராசைக் கீழ வையி தாயி. எம்பேத்திக்கு என்னமோ பெரிய நோவு, அதான் இப்படி நிறுத்து நிறுத்துப் பாக்குறாகன்னு நான் சாப்பாடு தண்ணி இல்லாமக் கெடந்தேன். வீரபாண்டியில அவளுக்காக அக்கினிச்சட்டி எடுத்தேன். கை கொப்பளிச்சுப் போச்சு. அதைப் பாத்துத்தான் எம்மருமக நேத்து அழுதுக்கிட்டே உள்ளதைச் சொன்னா” என்றார்.

சினேகா தராசைக் கீழே வைத்தார். அந்த அம்மையார் உள்ளே போய், சாமி படத்துக்குப் பின்னாலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து வந்து காட்டினார். மொக்கம்மாளிடமிருந்து அவரே போய் வாங்கி வந்தது. அன்றைய மாத்திரை போட்டாகிவிட்டது. “பேரன் வேணும்னு சொன்னேந்தான். அதுக்காக எம்மருமகளைப் பறிகுடுப்பேனா? உங்க டாக்டரம்மா ஊரு உலகத்துல எல்லாத்தையும் கேட்டாகளே, என்னைய ஒரு வார்த்தை கேட்டாகளா?” என்றார்.

அம்மையீர், எத்தனையோ கேள்விகள் கேட்ட தங்களுக்கு அந்த ஒரு கேள்வி தோன்றவில்லை. அந்த வீட்டு வாசலை ஓராண்டாக மிதித்த எங்களுக்கும் தோன்றவில்லை. மகாலட்சுமியைக் கேட்டு, அவர் தலையாட்டிய பிறகு, தாங்களே போய் அந்த மாமியாரிடம் பேசியிருந்தால் ஒரு காலைப்பொழுதில் முடிந்திருக்கும். அதை நினைத்தால் எங்களுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வருகின்றன. ஆனாலும் மகாலட்சுமி உயிரோடு இருக்கிறார், நலமாக இருக்கிறார். தாங்கள் விடாப்பிடியாக நிற்காமல் இருந்திருந்தால் இந்த வாக்கியத்தை நாங்கள் எழுதியிருக்க முடியாது. அதற்காகத் தங்களை வணங்குகிறோம்.

தங்கள் ரத்த அழுத்தம் என்றும் சீராக இருக்கட்டும். அதைத் தாங்களே நாளொன்றுக்குப் பலமுறை பார்த்துக்கொள்வீர்கள் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. உடல் நலமும் உள்ள நிறைவும் பெற்று நூறாண்டு கடந்து வாழ்க. மகாலட்சுமியும் முத்துமாரியம்மாளும் தம் கதையைப் பெயர் சொல்லியே படிக்குமாறு கேட்டுக்கொண்டதால் படித்தோம். இருவரும் முதல் வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். தாங்கள் மேடையை விட்டு இறங்கியதும் முத்துமாரியம்மாளுக்குத் தங்களிடம் பேச வேண்டியது நிறைய இருக்கிறதாம். எங்கள் பங்குத் திட்டை நாங்கள் ஏற்கெனவே வாங்கிவிட்டோம்.

இங்ஙனம்,
தங்களிடம் படாத பாடு பட்ட,
ஆரம்ப சுகாதார நிலையப் பணியாளர்கள்