விடுபட்ட பேர்

– மரண அறிவித்தல் மாதிரியே கறுப்புக் கரையும் குத்துவிளக்கும் போட்டுச் சுவரிலை கீறியிருக்கிறாய். ஒருத்தரும் ஏசேல்லையோ, பிள்ளை?

– ஏன் ஏசேல்லை, அன்ரி? நேற்று ஒருத்தர், "உங்களுக்கென்ன விசரோ?" எண்டு கத்திப்போட்டுப் போனவர். இண்டைக்குக் காலமை அவரே வந்து, தன்ரை பெரியம்மாவோடை சீவிச்ச பொம்பிளையின்ரை பேரை எழுதுவிச்சவர். என்ரை பேர் வினோஜா.

– நான் உதயகலா. பண்டத்தரிப்பிலை படிப்பிச்சனான். அச்சடிச்ச நோட்டீசிலை விடுபடுற ஆக்களுக்குத்தானே உந்தச் சுவர்?

– ஓம் ரீச்சர். கனடாவிலை இருக்கிற மருமகன்ரை பேர் வரும். ஒண்டாய்ச் சமைச்சுச் சாப்பிட்ட பொம்பிளையின்ரை பேர் வராது. எனக்கும் கூட்டாளியளுக்கும் பத்தியெரிஞ்சுது, கீறிப்போட்டம்.

– இராசமலர் எண்ட பேர் விடுபடக்கூடாது. விளங்குதோ?

– ஆர் ரீச்சர் அவ?

– தொண்ணூறுகளிலை என்னோடை படிப்பிச்சவ. அப்ப சண்டைக்காலம், கரண்டும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளைக் கவிட்டு வைச்சுப் பெடலைச் சுத்தினால் டைனமோவிலை றேடியோ பாடும். நல்ல பாட்டு வந்தால் இராசமலர்தான் சுத்துவாவாம், நான் இருந்து கேக்கோணுமாம். வேர்த்து வழியும், விடமாட்டா.

– அச்சா!

– தொண்ணூற்றைஞ்சிலை யாழ்ப்பாணமே வெளிக்கிட்ட இடப்பெயர்வுக்கு நாவற்குழிப் பாலத்திலை, சனத்துக்குள்ளை அவவைத் தவறவிட்டிட்டன். அண்டைக்கு அழுத மாதிரி நான் ஆருக்கும் அழேல்லை. மூண்டாம் நாள் பாத்தால், சாவகச்சேரியிலை சைக்கிளோடை நிக்கிறா. தன்ரை உடுப்பு ஒண்டும் இல்லை, என்ரை சேலையளை மூட்டையாய்க் கட்டிக் கொண்டந்திருக்கிறா, விசரி. அதுக்குப் பிறகு ஒரே வீடுதான்.

– முப்பது வருசம்!

– ஓம். என்ரை தம்பியவைக்கு அவ "அக்காவோடை நிக்கிற ரீச்சர்". நல்ல பொடியள்தான். ஆனா நோட்டீசிலை போடாயினம்.

– அப்ப சிநேகிதி எண்டு எழுதட்டே?

– அதைச் சொல்லிச் சொல்லி வாய் அலுத்துப்போச்சு. துணைவி எண்டு எழுது. விளங்குதோ? துணைவி.

– சரி ரீச்சர். மேலை இராசமலர் எண்டு பெரிசாய்ப் போடுறன். எப்ப மோசம் போனவா? திகதி சொல்லுங்கோ.

– ஐயோ பிள்ளை, அவ எங்கை செத்தவ? அந்தா, றோட்டுக்கு அங்காலை குடையோடை நிக்கிறா. மேலை என்ரை பேரைப் போடு, கீழை துணைவி இராசமலர் எண்டு போடு. தை மாசம் தாண்டமாட்டன் எண்டிட்டார் டொக்டர். நான் இருக்கேக்கையே அவ இதை வாசிக்கோணும். திகதிக்கு மட்டும் இடம் விடு.