கரைமண்ணுக்கு ஈரம் பார்த்த ஓவர்சியர் வேதநாயகம்

தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியர் ராமசுப்பிரமணியன் அவர்களே, பாம்பனிலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்த வேதநாயகத்தின் துணைவியார் ஜோதிமேரி அம்மாள் அவர்களே, சிக்கல் ஊர்ப் பெரியோர்களே, தாய்மார்களே! உங்கள் பஞ்சாயத்துத் தலைவன் பூமிநாதன் வணங்குகிறேன்.

ஓவர்சியர் வேதநாயகம் அவர்கள் மறைந்து இன்றோடு ஒன்பது நாள். கடலோரத்தில், மீன்பிடிக்கும் குடும்பத்தில் பிறந்த அவருக்கும் நம் கரிசல் மண்ணுக்கும் என்ன உறவு? எட்டு ஆண்டுகளுக்கு முன், நம் கண்மாயின் மேல்கரையைப் புதிதாகக் கட்ட வந்தாரே, அந்த உறவு!

அது கடும் கோடை. மண்ணைக் கொட்டி, கல் உருளையில் மாடு பூட்டி இழுத்தால் வேலை முடிந்தது என்றுதான் நாம் நினைத்தோம். அவரோ ஒரு பிடி மண்ணை எடுத்துத் தராசில் நிறுத்தார். இரும்புச் சட்டியில் போட்டு வறுத்தார். மறுபடி நிறுத்தார். குறைந்த எடைதான் மண்ணில் இருந்த தண்ணீர் என்றார். "நூறு பங்கு காஞ்ச மண்ணுக்குப் பதினேழு பங்கு தண்ணி வேணும். இதுல ஆறுதான் இருக்கு. தண்ணி தெளிக்காம உருட்ட விடமாட்டேன்" என்று வேலையை நிறுத்திவிட்டார்.

நாம் சிரித்தோமா, இல்லையா? மண் வறுக்கிற ஓவர்சியர் என்று பெயர் வைத்தோமா, இல்லையா? சிரிப்பு கோபமாக மாறியது. இதோ அமர்ந்திருக்கும் முத்தழகு அன்று அவர் முன்னால் குடத்தை வைத்துக் கேட்டார்: "குடிக்கத் தண்ணியில்லாம ரெண்டு மைல் நடக்கோம். நீங்க மண்ணுக்கு ஊத்தச் சொல்றீக. இது நாயமாய்யா?"

அவர் குரலை உயர்த்தவில்லை. "நாயமில்லதாம்மா. ஆனா காஞ்ச கட்டிய எம்புட்டு நசுக்குனாலும் நடுவுல சந்து இருக்கும். ஈரம் இருந்தாத்தான் மண்ணு வழுக்கிப்போயி அந்தச் சந்துல அடையும். செஞ்சு காட்டுறேன், பாருங்க" என்றார்.

கரையோரம் இரண்டு மேடுகள் போட்டார். ஒன்று காய்ந்த மண்; இன்னொன்று ஈரம் பார்த்த மண். இரண்டையும் ஒரே அளவு இடிக்கச் சொன்னார். நடுவில் குழிவிட்டு வெயிலில் காயவிட்டார். நான் கடப்பாரையால் குத்திப் பார்த்தேன். இரண்டிலும் ஒன்றுபோலவே எகிறியது! "இதுக்குத்தான் இம்புட்டுப் பாடாக்கும்?" என்று கேட்டேன். "ரெண்டு குழியிலயும் பத்துப் பத்துக் குடம் தண்ணி ஊத்துங்க. காலையில பேசுவோம்" என்றார்.

காலையில் என்ன கண்டோம்? காய்ந்த மண்ணில் இடித்த மேடு சரிந்து குவியலாகக் கிடந்தது. அடுத்ததில் தண்ணீர் அப்படியே நின்றது. முத்தழகுதான் பேசினார்: "குடிக்க ஒதவாத எங்க தோட்டத்துக் கெணத்துத் தண்ணிய எடுத்துக்கங்க. மொளகாச்செடி இந்த வருசம் போனாப் போவுது." அந்த ஆண்டு அவர் வீட்டு முற்றத்தில் ஒரு மிளகாய் காயவில்லை என்பதை நான் அறிவேன்.

இடையில் கோடைமழை பெய்தது. இனி வேலை விரையும் என்று மகிழ்ந்தோம். அன்றும் நிறுத்தினார்! "ஈரம் கூடுனாலும் ஆகாது. மண்ணு போயி அடைய வேண்டிய எடத்தத் தண்ணி புடிச்சுக்கும்" என்று நான்கு நாள் காயவிட்டார். அப்படி அடுக்கடுக்காக எழுந்த கரை அது. எட்டு மழைக்காலம் பார்த்துவிட்டது. எங்கேனும் ஒரு கசிவு உண்டா?

பெரியோர்களே, நான் சொல்ல வந்தது இது மட்டுமல்ல.

வேலை நின்ற நாட்களில் மேலிடத்துக்கு ஒரு மனு போயிற்று. வேதநாயகத்துக்கு வேலை தெரியாது, குடிதண்ணீரை வீணாக்குகிறார் என்று மனு. எழுதியவன் நான். என்னைத் தவிர இன்னும் பதினொரு பேர் கையெழுத்திட்டார்கள். கரை எழுந்த பிறகாவது அதைத் திரும்பப் பெற்றேனா? இல்லை. மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். மறக்கவில்லை, வெட்கமாக இருந்தது. அந்த மனுவைக் காட்டியே அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வை நிறுத்தினார்கள். கடைசி நாள்வரை ஓவர்சியராகவே இருந்தார்.

மூன்றாண்டுக்கு முன் இராமநாதபுரம் பேருந்து நிலையத்தில் அவரைக் கண்டேன். மனு அவருக்குத் தெரியும். என் கையெழுத்தையும் பார்த்திருக்கிறார். ஆனாலும் என்னைப் பார்த்ததும் கேட்டது என்ன? "கரை எப்படி இருக்கு, பூமிநாதன்? மதகுப் பக்கம் வெடிப்பு கிடிப்பு இருக்கா?" நான் இல்லை என்றேன். அவரோ சிரித்த முகத்தோடு பஸ் ஏறினார்.

வரும் தை மாதம் கீழ்கரை வேலை தொடங்குகிறது. ஒவ்வோர் அடுக்கும் ஈரம் பார்த்த பிறகே உருட்டப்படும். யார் அவசரப்படுத்தினாலும் இந்த ஊர் காத்திருக்கும். பஞ்சாயத்தின் பெயரால் இந்த உறுதியை உங்கள் முன் ஏற்கிறேன்.

இந்த மேசைமேல் இருக்கும் காகிதம் மேலிடத்துக்குப் போகிறது. நாங்கள் அன்று எழுதியது பொய், வேதநாயகம் செய்ததே சரி என்று இதில் எழுதியிருக்கிறேன். அவருக்கு இனி இதனால் பயனில்லை. அவருடைய பெயருக்கு உண்டு. பதினொரு பேரில் ஏழு பேர் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். ஜோதிமேரி அம்மாள் பார்க்க, ஒவ்வொருவராக மேடைக்கு வந்து கையெழுத்திடுங்கள்.