சுவரில் மூன்று குமிழ்கள்

பழைய சோபாவை விற்க ஒரு வழி இருக்கிறது, ஐயா. அதை நாலடி தள்ளி, ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டால் போதும். போன வாரம் அதைத் தாண்டிப் போனவரே நின்று, "இது புதுசா வந்திருக்கா?" என்று கேட்பார். பதினாறு வருஷமாக மரச்சாமான் கடையில் எனக்கு அதுதான் வேலை. திங்கட்கிழமை காலை, கடை திறக்கும் முன் எல்லாவற்றையும் இடம் மாற்றிவிடுவேன். பொருள் அதேதான். பார்க்கிறவரின் முகம்தான் புதிதாகிறது. அந்த முகத்துக்காகவே நான் வேலைக்குப் போனேன் என்றுகூடச் சொல்லலாம்.

கல்யாணமான நாலாம் வருஷம் என் மனைவிக்குக் கண் நரம்பு வற்றிப் பார்வை போனது. கெட்டிக்காரி. ஆறே மாதத்தில் எங்கள் மாடி வீட்டை மனப்பாடம் செய்துவிட்டாள். கட்டிலிலிருந்து கதவு ஐந்து அடி. கதவிலிருந்து மேசை மூன்று. ஒரு சொட்டு சிந்தாமல் டீ ஊற்றுவாள். பார்த்தவர்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். நானும் பெருமைப்பட்டேன். ஆனால் அவள் முகம் மட்டும் வரிசையில் நிற்கிறவர்களின் முகம்போல ஆகிவிட்டிருந்தது.

ஒருநாள் பல்பு மாற்ற நாற்காலியை இழுத்துப் போட்டவன், திரும்ப வைக்க மறந்துவிட்டேன். அவள் முழங்கால் அதில் இடித்தது. நின்று, விரல்களை விரித்து அதன் முதுகைத் தடவினாள். புருவம் உயர்ந்தது. உதடு லேசாகத் திறந்தது. முதன்முதலாகக் கடலைப் பார்த்தபோது அவள் முகம் அப்படித்தான் இருந்தது.

"என்னங்க, நாற்காலிக்குக் கால் முளைச்சிடுச்சா?"

"அதுக்கு ஏற்கெனவே நாலு இருக்கே."

சிரித்தாள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. முதலில் அவள் சிரித்தாள்.

பிறகு ஸ்டூல், தண்ணீர்க் குடம், மேசை. நாளுக்கு ஒன்றுதான். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றக் கூடாது, ஆட்கள் மிரண்டுவிடுவார்கள். கடையில் கற்றது. அவள் முழங்காலில் கன்றிப்போன இடங்களுக்கெல்லாம் நான்தான் மருந்து தடவினேன்.

"சொல்லிட்டு நகர்த்துங்களேன்," என்றாள் ஒருநாள். "எனக்குன்னு தெரிஞ்சது இந்த வீடு ஒண்ணுதான். இதையும் தொலைச்சிட்டு எங்க போய்த் தேடுவேன்?"

சரி என்றேன். பதினோரு நாள் எதையும் தொடவில்லை. பன்னிரண்டாம் நாள் அவளே சொன்னாள்: "நீங்க சும்மா இருந்தாத்தான் எனக்குத் தூக்கமே வரல." அவளுக்கும் ஏக்கம் வந்துவிட்டது என்று புரிந்துகொண்டேன். அன்றே அலமாரியை நகர்த்தினேன்.

அவள் தம்பி தச்சன். ஒரு விடுமுறை நாளில் வந்து, நடை முழுக்க, கை படும் உயரத்தில், சுவரில் மரக் குமிழ்களைத் திருகினான். சமையலறைக்கு ஒன்று. படிக்கட்டுக்கு மூன்று. அதைத் தாண்டிக் குளியலறைக்கு இரண்டு. எண்ணிக்கையை வைத்தே அது எந்த வாசல் என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

"மாமா, சாமானையெல்லாம் உங்க இஷ்டத்துக்கு ஓட்டுங்க. சுவரைத் தூக்கிட்டுப் போக முடியாதில்ல?" என்று என் தோளைத் தட்டினான். அக்காவும் தம்பியும் வெகுநேரம் சிரித்தார்கள்.

அதன்பின் அவள் அடிகளை எண்ணுவதை விட்டுவிட்டாள். சுவரைத் தடவியே நடந்தாள். நான் மேசையைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தாலும் அவளுக்குத் தெரியப்போவதில்லை. மூன்று வாரம் அந்த வரிசை முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புதுமை பொருளில் இல்லை, ஐயா. தெரியாமல் இருப்பவரிடம்தான் இருக்கிறது. அவளிடம் அது கொஞ்சம்கூட மிச்சமில்லை.

வியாழக்கிழமை காலை அவள் படுக்கை மடித்துக்கொண்டிருந்தபோது, படிக்கட்டின் மூன்று குமிழ்களில் ஒன்றைக் கழற்றினேன். ஒரே திருகாணி. அரை நிமிஷ வேலை.

கீழே இறங்கிப்போய் நின்றேன். அவளைப் பிடித்துக்கொள்ளத்தான் நின்றேன் என்று அவள் தம்பியிடம் சொன்னேன். உங்களிடம் அப்படிச் சொல்ல மாட்டேன். பதினாலு படி உயரம். கீழே நிற்கிறவனால் யாரையும் பிடிக்க முடியாது. அங்கிருந்துதான் முகம் தெரியும். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன்.

தோளில் துண்டோடு வந்தாள். கை சுவரைத் தடவியது. ஒன்று, இரண்டு. கொஞ்சம் தயங்கினாள். அப்போது நான் ஒரு குரல் கொடுத்திருந்தால் நின்றிருப்பாள். கொடுக்கவில்லை.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். சுவரில் வெறும் துளையைப் பார்த்த அவள் தம்பி நேரே உங்களிடம் வந்துவிட்டான். அவன்மேல் எனக்கு வருத்தமில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். காலடியில் தரை இல்லை என்று தெரிந்த அந்த நொடியில் அவள் முகத்தை முழுசாகப் பார்த்தேன். அதில் ஆச்சரியம் துளிகூட இல்லை. நெடுநாளாக எதிர்பார்த்திருந்த ஒன்று வந்து சேர்ந்ததுபோல இருந்தது. அவளுக்காக இவ்வளவு பாடுபட்டும், ஐயா, அதுகூட அவளுக்குப் பழசாகத்தான் இருந்திருக்கிறது.